அவசரத்துக்கு 50,000 ரூபாய்: கார்டா, நகையா?

திடீரென 50,000 ரூபாய் வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் இரண்டு வழிதான்: கிரெடிட் கார்டைத் தேய்ப்பது, இல்லை பீரோவிலுள்ள வளையலை அடகு வைப்பது.

கார்டில் கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. சரி, முடியாவிட்டால்? மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, என்று ஒன்று பில்லில் காட்டுவார்கள். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். 50,000 பாக்கி நின்றால், மாதம் 3.5 சதவீதக் கணக்கில் வட்டி 1,750 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 315. அப்புறம் புதிதாக வாங்கும் பருப்புக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இது எனக்குப் புரியவே எட்டு மாதம் ஆனது! கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுப்பது இன்னும் மோசம். முதல் நாளே வட்டி, தனிக் கட்டணம் வேறு.

நகைக்கடன் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால், அதே தொகைக்கு மாதம் சுமார் 417 ரூபாய்தான். மீட்காமல் விட்டால் நகை ஏலத்துக்குப் போகும், அந்தப் பயம் உண்டு.

அடுத்த சம்பளத்தில் முழுசாகக் கட்ட முடிந்தால் கார்டு. இல்லையென்றால் நான் வளையலோடு வங்கிக்குத்தான் போவேன், கல்யாண வீட்டில் "கை ஏன் வெறுமையா இருக்கு?" என்று சித்தி கேட்டாலும்.