கேமரா கார்டை கடையில குடுத்து போட்டோ ஏத்தறவங்க இதைப் படிச்சுட்டு போங்க

கும்பகோணத்துல ஒரு கம்ப்யூட்டர் கடையில எங்க அப்பாவை நல்லா ஏமாத்திட்டாங்க. நடந்ததை அப்படியே எழுதறேன், வீட்டுல பெரியவங்க இருக்கறவங்க கண்டிப்பா படிங்க.

அப்பா அம்மாவுக்கு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் பண்ணோம். தனியா போட்டோகிராஃபர் வேண்டாம்னு பெரியப்பா பையனே அவரோட கேனான் கேமராவுல எல்லாத்தையும் எடுத்தாரு, ரா ஃபைலும் (கேமரா பதப்படுத்தாம அப்படியே வெக்கற பெரிய ஃபைல்) ஜேபெக்கும் (சாதாரண போட்டோ ஃபைல்) சேர்த்து எடுத்ததால 64 ஜிபி கார்டுல 42 ஜிபி ரொம்பிடுச்சு. அவரு மறுநாளே துபாய் ஃபிளைட் பிடிக்கணும், அதனால கார்டை மட்டும் அப்பா கையில குடுத்துட்டு கிளம்பிட்டாரு. வீட்டு லேப்டாப்புல எஸ்டி கார்டு போடற ஓட்டை கிடையாது, கேமராவும் அண்ணனோட போயிடுச்சு, கேபிள் போடவும் வழி இல்ல. நான் பெங்களூர்ல இருக்கேன். அப்பா யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடைக்கு கார்டை எடுத்துட்டு போயிருக்காரு.

கடைக்காரன் என்ன பண்ணினான்னா, 128 ஜிபி பென்டிரைவ் ஒண்ணை 700 ரூபாய்னு தலையில கட்டிட்டான், ஏத்தறதுக்கு தனியா 200. மதியம் வாங்கி வெச்சுக்கிட்டு சாயங்காலம் குடுத்தானாம். குடுக்கும்போது அப்பாவை ஸ்கிரீன் பக்கம் கூப்பிட்டு, ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் காமிச்சு, "பாருங்க சார் 42 ஜிபி, ஒண்ணு கூட விடல"ன்னு சொல்லியிருக்கான். அப்பா இருந்த இடத்துல நான் இருந்திருந்தாலும் சரின்னு தான் சொல்லியிருப்பேன், ஏன்னா அங்க நம்பர் கரெக்டா தான் இருந்தது. அதோட "கார்டையும் காலி பண்ணிட்டேன் சார், இனி புதுசா எடுத்துக்கலாம்"னு சிரிச்சுக்கிட்டே கையில குடுத்திருக்கான். காலி பண்ணுன்னு அப்பா கேக்கவே இல்ல! காப்பி பண்றதுக்கு பதிலா கட் பண்ணி பேஸ்ட் பண்ணிட்டான்.

நான் லீவுல வந்து லேப்டாப்புல போட்டு பார்த்தேன். ஃபைல் பேரு எல்லாம் வரிசையா இருக்கு, சைஸும் இருக்கு. கோபுரம், கோ பூஜை, யானைகிட்ட ஆசீர்வாதம் வாங்கினது, கலச பூஜைக்கு உக்காந்தது வரைக்கும் போட்டோ பளிச்சுனு வந்துச்சு. அதுக்கப்புறம் கலச அபிஷேகத்துல ஒரு போட்டோ, மேல் பாதியில சொந்தக்காரங்க சொம்பைத் தூக்கி ஊத்தறாங்க, கீழ் பாதியில அப்பா அம்மா இருக்க வேண்டிய இடம் பூரா வெறும் சாம்பல் கலர். அதுக்கு அடுத்த போட்டோல இருந்து எதுவுமே ஓபன் ஆகல. மாங்கல்ய தாரணம் போச்சு, சாயங்காலம் எடுத்த குடும்ப போட்டோவும் போச்சு. அம்மா எதுவும் பேசாம எந்திரிச்சு அடுப்படிக்கு போயிட்டாங்க.

கடைக்கு நேர்ல போய் கேட்டா முதல்ல "அது ரா ஃபைல் சார், சாதாரண சிஸ்டம்ல ஓபன் ஆகாது"ன்னான். சரிப்பா, ஜேபெக் ஏன் ஓபன் ஆகலன்னு கேட்டதும் "உங்க கார்டே கரப்ட்டா தான் வந்துச்சு"ன்னு மாத்திட்டான். கடைசியில சொன்னது தான் எனக்கு ரத்தம் கொதிச்சது, "ரெக்கவரி பண்ணித் தரேன், 6000 ஆகும்". போட்டோவை போக்கினவனே அதை எடுத்துத் தர காசு கேக்கறான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். அந்த பென்டிரைவ் போலி. உள்ள இருக்கற சிப்பு ரொம்ப சின்னது, ஆனா கம்ப்யூட்டர் கேட்டா "நான் 128 ஜிபி"ன்னு பொய் சொல்ற மாதிரி அதோட கன்ட்ரோலரை (சிப்பை இயக்கற பகுதி) மாத்தி எழுதி வெச்சிருப்பாங்க. நீங்க போடற ஃபைலோட பேர், சைஸ், தேதி எல்லாம் டிரைவோட ஆரம்பத்துல ஒரு அட்டவணையில பதிவாகும், அது பத்திரமா இருக்கும். ஆனா உண்மையான இடம் தீர்ந்ததுக்கு அப்புறம் போற போட்டோ எங்கயும் பதியாது, சில டிரைவுல பழைய போட்டோ மேலயே போய் எழுதிடும். காப்பி ஆகும்போது எர்ரர் எதுவும் வராது. அதனால தான் ப்ராப்பர்ட்டீஸ்ல 42 ஜிபின்னு காட்டினது. அந்த நம்பரை நம்பாதீங்க, அது அட்டவணையை கூட்டிச் சொல்றது அவ்வளவு தான்.

இதை கண்டுபிடிக்க ஹெச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw)ன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ்ல ஓடும் (லினக்ஸ்காரங்களுக்கு எஃப்3). டிரைவ் முழுக்க ஒவ்வொரு ஜிபியா எழுதிட்டு திரும்ப படிச்சுப் பார்க்கும், எவ்வளவு நிஜம் எவ்வளவு பொய்னு தெரிஞ்சுடும். டைம் எடுக்கும், ராத்திரி போட்டுட்டு தூங்கிடுங்க. எங்க பென்டிரைவ்ல 8 ஜிபி கூட முழுசா தேறல. மெமரி கார்டுலயும் இதே போலி இருக்கு, புதுசா வாங்கினா முக்கியமான ஃபங்ஷனுக்கு எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணிடுங்க.

போட்டோ திரும்ப கிடைச்சுதான்னு கேப்பீங்க. பெரும்பாலும் கிடைச்சுது. கட் பண்ணினாலும் டிலீட் பண்ணினாலும் கார்டுல இருந்து போட்டோ உடனே அழியாது, இந்த இடம் காலின்னு ஒரு குறி மட்டும் விழும், மேல புதுசா எதுவும் எழுதாத வரைக்கும் அடியில அப்படியே இருக்கும். கேமரா ஊர்ல இல்லாததால அந்த கார்டுல யாரும் புதுசா எடுக்கல, அதான் எங்களை காப்பாத்துச்சு. எஸ்டி கார்டோட இடது ஓரத்துல குட்டியா ஒரு லாக் இருக்கும், அதை கீழ தள்ளிட்டு, கார்டு ரீடர் ஒண்ணு வாங்கி போட்டு, ஃபோட்டோரெக் (PhotoRec)னு ஒரு இலவச சாஃப்ட்வேர் ஓட்டினேன். எடுக்கறதை அதே கார்டுல சேவ் பண்ணக் கூடாது, லேப்டாப்புலயோ வேற ஹார்ட் டிஸ்க்லயோ தான் போடணும். பழைய பேரு போயிடும், எல்லாம் எஃப்னு ஆரம்பிச்சு ஏதோ நம்பரா வரும், ஆனா எடுத்த தேதி நேரம் போட்டோவுக்குள்ளயே இருக்கும், அதை வெச்சு வரிசைப்படுத்திக்கலாம். அது கீபோர்டுல ஓட்டற கறுப்பு ஸ்கிரீன், பயமா இருந்தா அது கூடவே க்யூஃபோட்டோரெக்னு மவுஸ்ல பண்ற மாதிரி ஒண்ணு வரும். மாங்கல்ய தாரணம் முழுசா வந்துடுச்சு, வீடியோ தான் சிலது சரியா வரல. 6000 கேட்ட வேலை, செலவு கார்டு ரீடர் மட்டும் தான்.

உண்மையில கடைக்கே போக வேண்டியதில்ல. கார்டு ரீடர் சில நூறு ரூபாய்க்கு கிடைக்கும், 64 ஜிபி கார்டுன்னா யுஎஸ்பி 3.0 பார்த்து வாங்குங்க, 2.0ல நாப்பது ஜிபி ஏற அரை மணி நேரம் கிட்ட ஆகும். கேமரா கையில இருந்தா அதோட வந்த கேபிளே போதும், பேட்டரி ஃபுல்லா வெச்சுக்கங்க, பாதியில ஆஃப் ஆனா தலைவலி. வைஃபை ஆப்ல அனுப்பறது நாலு போட்டோவுக்கு சரி, ஆனா நிக்கான் ஸ்னாப்பிரிட்ஜ் தானா அனுப்பறது 2 மெகாபிக்சலுக்கு சுருக்கி தான் வரும், அதை ஒரிஜினல்னு நினைச்சு கார்டை அழிச்சிடாதீங்க. வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினாலும் சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்பினா தான் அப்படியே போகும். கார்டை போட்டதும் "ஃபார்மேட் பண்ணவா"ன்னு விண்டோஸ் கேட்டா கேன்சல் குடுத்துட்டு கார்டை வெளிய எடுங்க.

வேற வழியே இல்லாம கடையில குடுத்தா லாக்கை தள்ளிட்டு குடுங்க, அப்ப கட் பண்ணவும் முடியாது, அவன் சிஸ்டத்துல இருக்கற ஷார்ட்கட் வைரஸும் (ஃபைலை மறைச்சுட்டு ஷார்ட்கட் மட்டும் காட்டறது) கார்டுக்குள்ள ஏறாது. உங்க சொந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு போங்க. ஏத்தி முடிச்சதும் அதை கழட்டி, திரும்ப மாட்டி, கடைசியில இருக்கற போட்டோவை ஓபன் பண்ணி பெருசு பண்ணி பாருங்க. கழட்டாம பார்த்தா கம்ப்யூட்டர் தன்னோட மெமரில இருந்தே காமிச்சுடும், நம்பிடுவோம். முதல் போட்டோ பெரும்பாலும் ஓபன் ஆகிடும், கடைசி போட்டோ தான் உண்மையை சொல்லும். பழைய போட்டோ மேலயே எழுதற டிரைவா இருந்தா முன்னாடி இருக்கறது கெட்டிருக்கும், அதனால முதல்லயும் நடுவுலயும் சிலதை பாருங்க. அப்படியே அவன் கம்ப்யூட்டர்ல காப்பி ஏதாவது இருந்தா டிலீட் பண்ணச் சொல்லி நின்னு பாருங்க, நம்ம வீட்டுப் பொம்பளைங்க போட்டோ அவன் டெஸ்க்டாப்புல எதுக்கு?

அப்பாவுக்கு பில் தரல, ஆனா ஜிபே பண்ணியிருந்தாரு. அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் டெஸ்ட் ரிசல்ட்டையும் காமிச்சு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்றேன்னு சொன்னதும் தான் 900 ரூபாயும் திரும்ப வந்துச்சு. ஆனா அதே பென்டிரைவ் இன்னும் கண்ணாடி ஷெல்ஃப்ல தொங்குது, அதனால கம்ப்ளைன்ட்டை விடல, 1915ல பதிவு பண்ணிட்டேன். காசு வரலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போகலாம், 5 லட்சம் வரைக்கும் உள்ள கேஸுக்கு ஃபீஸ் கிடையாது.

இந்த மாதிரி கடையில பென்டிரைவ் வாங்கி போட்டோ போட்டு பீரோவுல வெச்சிருக்கறவங்க இன்னைக்கே எடுத்து கடைசி போட்டோவையும், முதல்லயும் நடுவுலயும் சிலதையும் ஓபன் பண்ணி பாருங்க. ஓபன் ஆகலன்னா அந்த கார்டை கேமராவுல போட்டு புதுசா எதுவும் எடுத்துடாதீங்க, லாக் பண்ணி தனியா எடுத்து வைங்க.