குறுவைப் பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர்: 5600ஜியா, தனி கார்டா?

மன்னார்குடியில் தம்பிக்கு கம்ப்யூட்டர் கட்டியபோது முன்னால் இரண்டு வழி. ஒன்று, ரைசன் 5 5600ஜி பிராசஸர்: ஆறு கோர், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, ஐ3-12100எஃப் பிராசஸரோடு 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு.

விளையாட்டுக்கு இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை. 1080பி திரைத் தெளிவில் பெரிய கேம்களும் தாராளமாக ஓடும். 5600ஜியில் வேலரண்ட் மாதிரி லேசான கேம் நன்றாக ஓடும். பெரிய கேம் என்றால் 720பி-க்கு இறங்க வேண்டிவரும். அதுவும் 8 ஜிபி ரேம் குச்சி இரண்டு போட்டால்தான். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். ஒற்றை ரேம் போட்டால் மூச்சு வாங்கும்.

ஆனால் ஐப்பசி மழையில் நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வருமே! 5600ஜி 65 வாட். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட். சின்ன யூபிஎஸ்ஸுக்கு முதலாவதுதான் நிம்மதி. அறுவடை நேரத்தில் வாசலில் நெல் தூற்றினால் கம்ப்யூட்டர் ஃபேன் இறக்கைகளில் மஞ்சள் தூசி அடையாகப் படியும். காய்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டிவிடுவேன்.

கையில் குறுவைப் பணம் மட்டுமே இருந்ததால் 5600ஜி வாங்கினோம், தரமான 550 வாட் பவர் சப்ளையோடு. சம்பா அறுத்ததும் அதே போர்டில் கார்டைச் செருகலாம். 12100எஃப்பில் கார்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. கார்டு இல்லாமல் திரையே வராது.