கொரியன் பார்பிக்யூ: அன்லிமிடெட்டா, நகர மையமா, புறநகரா?

வெளிநாட்டுப் பெருநகரம் ஒன்றில் இறங்கி மேப்பில் ‘கொரியன் பார்பிக்யூ’ என்று தேடினால், மேசையிலேயே அடுப்பு வைத்து இறைச்சியை வாட்டிச் சாப்பிடும் கடைகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம், எல்லாப் படத்திலும் அதே புகை, அதே சிவந்த இறைச்சி. நட்சத்திரத்தை நம்பிப் போய் ஏமாந்தபிறகுதான் நான் வேறு கணக்குப் போட ஆரம்பித்தேன். பெரும்பாலான கடைகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடும்: ஆளுக்கு ஒரே கட்டணத்தில் அளவில்லாமல் தரும் அன்லிமிடெட் கடை, நகர மையத்தில் இருக்கும் பளபளப்பான கடை, கொரியர்கள் குடியிருக்கும் பகுதியில் ஒன்றிரண்டு இறைச்சியை மட்டும் நம்பி நடக்கும் கடை. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் எல்லா நாளும் அது சரிப்படாது.

முதலில் அன்லிமிடெட். நல்ல பசியோடு நாலைந்து பேர் சேர்ந்து போனால் இதை அடித்துக்கொள்ள முடியாது. என்ன பிடிக்கும் என்றே தெரியாதவர்களுக்கும் ஏற்றது, பத்து வகையை ருசி பார்த்துவிடலாம். நிபந்தனைகளை மட்டும் உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேசையில் இருக்கும் எல்லோரும் அதே திட்டத்தை எடுக்க வேண்டும், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் தனிக் கட்டணம் என்பவை பல கடைகளில் உண்டு.

இங்கே தரம் ஒவ்வொரு தட்டிலும் மாறும். மாட்டின் நெஞ்சுப் பகுதியைக் காகிதம்போல மெல்லியதாகச் சீவிய சாடோல்பாகியை அநேகமாக உறையவைத்துத்தான் சீவுவார்கள். அது குறையே இல்லை, சூட்டில் போட்ட சில நொடிகளில் வெந்துவிடும். ஆனால் தட்டு வந்ததும் அடியைப் பாருங்கள். சுருள்கள் விறைப்பாக நின்றால் நல்லது. தளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, கீழே இளஞ்சிவப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தால், அது வெட்டி வெகுநேரமாகக் காத்திருந்த இறைச்சி. மசாலாவில் ஊறியதை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, சோயாவும் சர்க்கரையும் பூண்டும் எதையும் மறைத்துவிடும். அதனால் ஊறவைக்காத இறைச்சியை முதலில் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் மற்றதை நம்பலாம். இன்னொரு லாபமும் உண்டு: ஊறவைத்ததை முதலில் போட்டால் அதிலுள்ள சர்க்கரை கருகி வாட்டும் தட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்து வைப்பதெல்லாம் கசக்கும்.

நகர மையக் கடைக்கு வருவோம். மன்ஹாட்டனில் 32ஆவது தெரு, சிங்கப்பூரில் தஞ்சோங் பகார், சிட்னியில் பிட் தெரு ஆகியவை இந்த வகைக்குப் பேர்போன இடங்கள். ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடலாம், இரவு வெகுநேரம் திறந்திருக்கும் கடைகள் இருக்கும், பல இடங்களில் பணியாளரே இடுக்கியும் கத்திரிக்கோலுமாக வந்து வாட்டி வெட்டிக் கொடுப்பார். முதல்முறை சாப்பிடுபவர்களை நான் இங்கேதான் கூட்டிப்போவேன். வாட்டிய இறைச்சியை லெட்யூஸ் இலையில் எப்படி மடிப்பது, எதை எதில் தொடுவது என்பதைப் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம். ஆனால் மையத்தின் வாடகை, தட்டில் இறைச்சியின் அளவிலும் பில்லிலும் தெரியும். வரிசையும் நீளம். பெயர் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் தெருவில் நின்றவர்களுக்குச் சாதாரண இறைச்சிகூட அமிர்தமாகத்தான் இருக்கும். ரிவ்யூவில் விழும் நட்சத்திரங்களில் பாதி அந்தப் பசிக்கு விழுந்தவை என்றே நினைக்கிறேன்.

இப்போது நான் பஸ் மாறிப் போகும் கடைகள். நியூயார்க்கில் குயின்ஸின் ஃப்ளஷிங் பக்கம், லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் நியூ மால்டன், டொரண்டோவில் நார்த் யார்க், வாஷிங்டனுக்கு வெளியே அன்னன்டேல், சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டும் ஈஸ்ட்வுட்டும். இங்கே வாடிக்கையாளர்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்ல, பக்கத்துத் தெருவில் வீடு உள்ளவர்கள். இறைச்சி ஒருநாள் சரியில்லை என்றால் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அந்தப் பயம் கடைக்காரருக்கு இருப்பது சாப்பாட்டில் தெரியும். லாஸ் ஏஞ்சலஸ் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே கொரியாடவுன் நகரத்துக்கு நடுவிலேயே, கொரியர்கள் வாழும் பகுதியாகவும் இருப்பதால் மூன்று வகையும் ஒரே தெருவில் கிடைக்கும்.

இந்தக் கடைகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி: தேடும் சொல்லைக் கொரிய எழுத்தில் போடுங்கள். ‘சுட்புல் கல்பி’ என்பதை மொழிபெயர்ப்புச் செயலியில் மாற்றி மேப்பில் ஒட்டினால், ஆங்கிலத்தில் தேடும்போது தலைகாட்டாத கடைகள் மேலே வரும். சுட்புல் என்றால் கரி நெருப்பு, கல்பி என்றால் விலா. அப்புறம், மெனுவைப் பாருங்கள். ஒரே பக்கம், நாலைந்து இறைச்சி என்றால் உள்ளே போகலாம். ஜப்பானிய சூஷியும் ராமெனும் கொரியன் பார்பிக்யூவும் ஒரே அட்டையில் இருந்தால் நான் திரும்பிவிடுவேன்.

கல்பி வெட்டியிருக்கும் விதமே கடையின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். விலா எலும்புகளைக் குறுக்காக ரம்பத்தில் அறுத்தால், ஓரத்தில் மூன்று நான்கு சிறு எலும்பு வட்டங்களோடு நீளப் பட்டையாக வரும். இதற்கு எல்.ஏ. கல்பி என்று பெயர். ருசியானதுதான், ஆனால் இயந்திரம் செய்யும் வேலை. பழைய முறையில் ஒரே ஒரு எலும்பு. அதில் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் மெல்ல விரித்து விரித்துச் சுருள் பிரிப்பதுபோலத் திறந்து, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போட்டிருப்பார்கள். அடுப்பில் வைத்ததும் அந்தக் கீறல்கள் விரிந்து ஓரங்கள் மட்டும் முதலில் பழுப்பாகும். இந்த வெட்டு மேசைக்கு வந்தால், அந்தக் கடையின் இறைச்சிக்குப் பின்னால் கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அர்த்தம்.

கரியா கேஸா என்ற சண்டையில் பலரும் கண்ணை மூடிக்கொண்டு கரி என்பார்கள். நான் இறைச்சியைப் பார்த்துச் சொல்வேன். மாட்டு விலாவுக்குக் கரிதான். கொழுப்பு சொட்டித் தணலில் பட்டு எழும் புகைதான் அதன் வாசனையே. ஆனால் சம்க்யோப்சல், அதாவது மூன்றடுக்காகத் தெரியும் பன்றி வயிற்றுப் பகுதி, வேறு விஷயம். அதன் கொழுப்பு முழுவதும் தணலில் விழுந்தால் தீ எழும்பி இறைச்சியைக் கருக்கிவிடும். சற்றே சாய்ந்த கனமான இரும்புத் தட்டும் கேஸும் அதற்குப் போதும். மேலே இறைச்சி, சரிவின் அடியில் கிம்ச்சியும் (காரம் சேர்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) பூண்டும். உருகும் கொழுப்பு மெதுவாக வழிந்து கிம்ச்சியில் சேர, அதன் ஓரங்கள் பொரிந்து புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். பல நகரங்களில் தீயணைப்பு விதிகள் கரியை எளிதில் அனுமதிப்பதில்லை. ஆகவே கேஸ் என்பதற்காகவே ஒரு கடையைத் தள்ளிவிட வேண்டாம். இறைச்சி மாறும்போது கேட்காமலே வாட்டும் கம்பி வலையையோ தட்டையோ மாற்றித் தருகிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

பான்சான் எனப்படும் சிறு தட்டுக் கறிகள் கொரியாவில் இலவசம், கேட்டால் மறுபடியும் நிரப்புவார்கள். நல்ல கடைகள் வெளிநாட்டிலும் அதை விடுவதில்லை. லெட்யூஸோடு கேன்னிப் (துளசிக் குடும்பத்துப் பெரில்லா) இலையும் வைத்தால் இன்னும் நல்லது, அதன் காரமான வாசனை கொழுப்பை வெட்டும்.

தனியாகப் போகிறவர்களுக்கு இந்த மூன்றாம் வகைக் கடைகள் தோதில்லை. குறைந்தது இரண்டு பங்கு ஆர்டர் செய்யச் சொல்லும் இடங்கள் நிறைய. ஒரு பங்கே 150 முதல் 200 கிராம் வரை இருக்கும். தனி ஆள் என்றால் மையத்துக் கடையில் மதிய செட் எடுப்பதே நிம்மதி. மாடு, பன்றி இரண்டும் சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே போன் செய்வது அவசியம். கோழி இருந்தாலும் அதே வலையில்தான் வாட்டுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் வயிற்றில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். கரிக் கடையில் கல்பிக்குப் பிறகு பனிக்கட்டி மிதக்கும் சூப்பில் நெங்ம்யோன் என்ற குளிர்ந்த நூடுல்ஸ் கேளுங்கள். இரும்புத் தட்டுக் கடையில், மிச்சமிருக்கும் கொழுப்பிலேயே சோற்றையும் கிம்ச்சியையும் கொட்டிக் கிளறித் தரச் சொல்லுங்கள். கிளறி முடித்ததும் உடனே கை வைக்காதீர்கள், தட்டோடு அழுத்தி விட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். அடியில் பிடித்திருக்கும் அந்த மொறுமொறுப்பைக் கரண்டியால் சுரண்டி எடுக்க வேண்டும்.