இர்சா தூசிக் கணிப்பான்: நம்பலாம், ஆனால் பாதி தூரம்தான்

சூப்பர்நோவா, அதாவது வெடிக்கும் விண்மீன்களின் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இணையச் சேவையிடம் வந்துதான் தீர வேண்டும். நாசாவின் இர்சா காப்பகத்தில் இருக்கிறது, கணக்குத் தொடங்க வேண்டாம், காசும் கிடையாது. விண்மீன் மண்டலத்தின் பெயரைத் தட்டினால் போதும், அந்தத் திசையில் பால்வீதியின் தூசி ஒளியை எவ்வளவு சிவப்பாக்குகிறது என்ற எண்ணும் (இதுதான் நிற மிகை), ஒவ்வொரு நிற வடிகட்டியிலும் எத்தனை ஒளித்தரம் (வானியலில் பிரகாசத்தை அளக்கும் அலகு) மங்கும் என்ற அட்டவணையும் வந்துவிடும்.

நிற மிகைக்கு எண் ஒன்றல்ல, இரண்டு. 1998இல் ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் போட்ட வரைபடத்தின் மதிப்பு ஒன்று. 2011இல் ஷ்லாஃப்லியும் ஃபிங்க்பைனரும் அதை 14% குறைத்துத் திருத்திய மதிப்பு இன்னொன்று. திருத்தியதையே எடுங்கள். 0.86ஆல் பெருக்க வேண்டும் என்று எங்கோ படித்த ஞாபகத்தில், ஏற்கெனவே திருத்திய எண்ணையே மறுபடி பெருக்கிவிட்டு, நண்பரின் கணக்கும் என்னுடையதும் ஏன் இடிக்கிறது என்று இரண்டு நாள் முழித்திருக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

சரி, எங்கே உஷாராக இருக்க வேண்டும்? எம்82 என்ற விண்மீன் மண்டலத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள், நிற மிகை 0.14 வாக்கில் காட்டும். அக்கம்பக்கத்து வானத்தில் 0.06 அளவுதான். வரைபடம் தூசி விடும் 100 மைக்ரான் அகச்சிவப்பு ஒளியிலிருந்து போட்டது, எம்82இன் சொந்தத் தூசியின் ஒளியும் அதில் கலந்துவிட்டது. அப்படியே எடுத்தால் வி (பச்சை-மஞ்சள்) வடிகட்டியில் கால் ஒளித்தரம் கூடுதலாகத் திருத்திவிடுவோம். பால்வீதித் தளத்தை ஒட்டி, 5 பாகைக்குள், இந்த வரைபடத்தை நம்பவே வேண்டாம்.

அப்புறம் பெரிய விஷயம், சூப்பர்நோவா வெடித்த மண்டலத்தின் தூசியைப் பற்றி இது வாயே திறக்காது. குறை சொல்லவில்லை, அது இதன் வேலையே இல்லை. அதற்கு நிறமாலையில் சோடியம் கோடுகளைப் பார்க்கலாம் (குறைந்த பிரிதிறன் நிறமாலையை வைத்துக்கொண்டு இதில் இறங்காதீர்கள்), முதலாம்-ஏ வகை சூப்பர்நோவா என்றால் பிரகாச உச்சம் தாண்டி 30 நாளுக்கு மேல் பி-வி நிறம் (பி என்ற நீல வடிகட்டிக்கும் வி வடிகட்டிக்கும் உள்ள ஒளித்தர வித்தியாசம்) போகும் போக்கைப் பார்க்கலாம்.

ஆனால் இதன் அட்டவணையைக் கொண்டுபோய் அந்தத் தூசிக்கும் மாட்டிவிடாதீர்கள், அது ஆர்வி (வி வடிகட்டியில் மங்கும் அளவை நிற மிகையால் வகுத்த எண்) 3.1 என்று வைத்துப் போட்டது. எம்82இல் வெடித்த 2014ஜே என்ற சூப்பர்நோவாவுக்கு ஆர்வி 1.4 வாக்கில்தான் வந்தது, நிற மிகையோ 1.3க்கும் மேல். 3.1 போட்டால் 2 ஒளித்தரத்துக்கு மேல் பிசகும்.