தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டிபன் கடை: வடை அருமை, கணக்கு உங்கள் பொறுப்பு

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், போர்டு கூட இல்லாத சின்னக் கடை. இட்லி சுமார். உளுந்து வடையும் நிலக்கடலைச் சட்னியும் அட்டகாசம், சட்னியில் காரம் கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் அந்த வடைக்கு அது வேண்டும். காபி வாயில் வைக்க முடியாது, டீ சொல்லுங்கள்.

பில் கிடையாது. வடைத் தட்டு மேசையிலேயே இருக்கும், வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் நாமே கணக்குச் சொல்ல வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் எல்லோரும் அரிச்சந்திரன்தான். ஒரு பெரியவர் வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "ரெண்டு இல்லப்பா, மூணு வடை, ஒண்ணு சாம்பார்ல போட்டேன்" என்று காசு கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் சேலம் வண்டி ஹாரன் அடித்தது பாருங்கள், அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கல்லாவை மொய்க்க, நெற்றி நிறைய விபூதியும் மீசையில் வடைத்தூளுமாக ஒருவர் "நாலு இட்லி, ஒரு டீ" என்று நோட்டை நீட்டினார்.

அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்து 1973இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. பாதிரியார் படிப்பு மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்புகிறார்கள், வழியில் ஒரு ஆள் இருமி முனகியபடி சரிந்து கிடக்கிறார், அது அவர்கள் செய்த ஏற்பாடு. அவசரமே இல்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், 'ஏற்கெனவே லேட், ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். இதில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! விபூதியை மட்டும் குறை சொல்லி என்ன பண்ண?

கடைக்காரரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார். "ஹாரன் அடிச்சா கணக்கு மறந்துரும் சார், வேணும்னே பண்றவங்க கம்மி." எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, மறதியில் ஒருவரும் ஒரு வடை கூட்டிச் சொல்லக் காணோமே. ஆனால் அவர் கண்டுபிடித்திருக்கும் வழி நல்ல வழி: சப்ளையர் இருக்கும் நாளில், வண்டி கிளம்பும் முன்பே மேசைக்கு வந்து, "வடை எத்தனைங்கண்ணா?" என்று கேட்டு, காசு வாங்கி, மீதியையும் அங்கேயே கொடுத்துவிடுகிறார். உட்கார்ந்திருக்கிறவர் குறைத்துச் சொல்வதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் கூட்டம் இறங்கிவிடும், எட்டு மணிக்கு மேல் போனால் வடை கிடைக்காது. ஜிபே உண்டு, டவர்தான் எடுக்காது, சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.