மூணாறு குளிரில் பைலட் கீசரோடு நாலு வருடம்

மூணாறில் டிசம்பர், ஜனவரி விடிகாலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மழைக்காலத்தில் எங்காவது மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் லாட்ஜ் ஒன்றை மூடியபோது விலைக்கு வந்த பழைய பைலட் மாடல் கேஸ் கீசரை வாங்கினோம். இப்போது வருகிற கீசர்களில் இரண்டு பேட்டரி போட்டால் குழாயைத் திறந்ததும் தானே பற்றிக்கொள்ளும். இதில் பைலட் என்கிற ஒரு சின்னச் சுடர் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். கேஸ் எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்குப் பயந்து குளியலறைக்குள் வைக்காமல், பின்வராந்தாச் சுவரில் மாட்டினோம்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வருடம் ஆனி கடைசியில் சாரல் பிடித்ததும் பைலட் அணைய ஆரம்பித்தது. அம்மா தலைக்குச் சோப்புப் போட்ட நேரத்தில் பச்சைத் தண்ணீர் கொட்டும், நான் தீப்பெட்டியோடு ஓடுவேன். அவருக்கு எழுபது வயது, எனக்கு மனசே கேட்கவில்லை.

மெக்கானிக் சேட்டன் வந்து பார்த்து, "தெர்மோகப்பிள் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். சுடரில் நீட்டிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பி போன்ற பொருள் அது. நுனி சூடானால் சுமார் 25, 30 மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும், அந்தத் துளி மின்சாரம்தான் வால்வில் உள்ள காந்தத்தைப் பிடித்து வைத்து கேஸைத் திறந்து வைக்கிறது. சுடர் போனால் நுனி ஆறி, கொஞ்ச நேரத்தில் வால்வு மூடிவிடும். மாற்றினோம். இரண்டு நாள் நின்றது, மூன்றாம் நாள் ராத்திரி மறுபடி அணைந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். தெர்மோகப்பிள் கெட்டிருந்தால், பற்றவைத்து அரை நிமிடம் குமிழை அழுத்திப் பிடித்துவிட்டு விட்டதும் சுடர் போய்விடும். எங்களுடையது மணிக்கணக்கில் எரிந்துவிட்டுத்தான் அணைந்தது. அணையும் நேரத்தையெல்லாம் காலண்டரில் குறித்தேன், பெரும்பாலும் காற்றடித்த ராத்திரிகள். சரி என்று ஒரு தகரத்தைக் கீசரை ஒட்டி அடித்தேன். அது பெரிய தப்பு. நீலச் சுடர் மஞ்சளாகி விளிம்பில் கரி படிந்தது, காற்று போதவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அன்றைக்கே கழற்றி, காற்று வரும் பக்கத்தில் மட்டும் ஒன்றரை அடி தள்ளி, மேலும் கீழும் திறந்திருக்கிற மாதிரி மாட்டினேன். முக்கால்வாசி தொல்லை போனது.

மிச்சக் கால்வாசிக்குக் காரணம் சிலந்தி. பைலட்டின் காற்றுத் துளையில் நூலாம்படை கட்டி, சுடர் குட்டையாகி, தெர்மோகப்பிள் நுனியைச் சரியாகத் தொடவே இல்லை. நுனியில் அரை அங்குலமாவது சுடர் சுற்றி எரிய வேண்டும். சிலிண்டர் வால்வை மூடி, எல்லாம் ஆறியபிறகு மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டி ஊதினேன், நுனியை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். கேஸ் வரும் சின்னத் துளைக்குள் மட்டும் ஊசி விடாதீர்கள், துளை பெரிதானால் சுடரின் அளவே மாறிவிடும். திரும்ப மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். அணைந்தால் உடனே பற்றவைக்காமல் ஐந்து நிமிடம் பொறுங்கள், எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். கேஸ் வாடை அடித்தால் தீப்பெட்டியைத் தொடவே வேண்டாம், கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்குப் போன் செய்யுங்கள்.

ஜனவரியில் இன்னொன்றும் பார்த்தேன். 14.2 கிலோ சிலிண்டர் தீர்கிற நாட்களில், உறைபனி விழுந்த காலையில் சுடர் சுருங்கும். எல்பிஜியில் உள்ள பியூட்டேன் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரியில் ஆவியாவதே சிரமம். அதற்காகச் சிலிண்டருக்கு வெந்நீர் ஊற்றுவது, துணி சுற்றிச் சூடாக்குவது எதுவும் கூடாது. நான் சிலிண்டரைக் காலை வெயில் விழும் பக்கம் தள்ளி வைத்தேன், தீரும் முன்பே மாற்றிவிடுகிறேன்.

இந்த வருட ஆடிக் காற்றில் இரண்டே தடவைதான் அணைந்தது, அம்மா நிம்மதியாகக் குளிக்கிறார். ரப்பர் குழாய்க்கு ஐந்து வருடம்தான் கணக்கு, அடுத்த சாரலுக்குள் அதை மாற்றிவிட வேண்டும்.