பித்தளையா, எஃகா, நிக்கல் சில்வரா? மாதிரி ரயில் தண்டவாளங்களுடன் என் நீண்ட கால அனுபவம்

பழைய மாதிரி ரயில் தண்டவாளங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அப்படி வருபவற்றில் எல்லா உலோகங்களும் கலந்தே கிடக்கும். பதிப்பதற்கு முன்பே அவற்றைப் பிரித்துவிட வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பானவன். ஜல்லி ஒட்டிய பிறகு ஒரு துண்டை மட்டும் பெயர்த்து மாற்றுவது பெரும்பாடு.

நிறத்தை நம்பிப் பிரிக்க முடியாது. நாள்பட்ட பித்தளை பழுப்பேறிக் கறுத்துவிடும். நிக்கல் பூசிய பித்தளை வெள்ளையாகவே மின்னும். கோட் 100, கோட் 83 என்ற எண்களும் இதற்கு உதவாது. அவை தண்டவாளத்தின் உயரத்தை மட்டும் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்கின்றன. கோட் 100 என்றால் 2.54 மி.மீ.

நான் முதலில் எடுப்பது காந்தம். சட்டென்று ஒட்டினால் எஃகு. ஒட்டாதவற்றைத் திருப்பி, சக்கரம் படாத அடிப்பக்கத்தில் சிறிய அரத்தால் லேசாக உரசுவேன். தங்கமஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெள்ளைப் பூச்சுக்குக் கீழே மஞ்சள் எட்டிப்பார்த்தால் பூச்சுப் போட்ட பித்தளை. உரசிய இடமும் வெண்மையாக, மிக மெல்லிய மஞ்சள் சாயலுடன் இருந்தால் நிக்கல் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. கையில் எடுத்தாலே எடையற்று இருப்பது அலுமினியம். தோட்ட ரயில்களில் (வீட்டுத் தோட்டத்தில், திறந்த வெளியில் ஓட்டும் மாதிரி ரயில்களில்) வரும் துருப்பிடிக்காத எஃகு பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அரத்துக்கு எளிதில் மசியாது. இன்னும் ஐயம் இருந்தால் சால்டரிங் வைத்துப் பார்க்கலாம். பித்தளையும் நிக்கல் சில்வரும் ஈயத்தை உடனே பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தில் அது உருண்டு ஓடிவிடும்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம், பதித்த பிறகு இவை நடந்துகொள்ளும் விதம்தான். பூச்சுள்ள எஃகு தொடக்கத்தில் நன்றாகவே ஓடும். ஆனால் வெட்டிய முனையில் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் தொடங்குகிறது. ஜல்லி ஒட்ட ஊற்றும் பசைநீரே அதற்குப் போதும். என்ஜினில் காந்தம் வைத்து இழுவிசை கூட்டுபவர்களுக்கு மட்டும் எஃகு தேவைப்படும்.

பித்தளைக்கு நியாயம் செய்ய வேண்டும். மின்சாரத்தைக் கடத்துவதில் அது நிக்கல் சில்வரைவிட மேலானது. குறை அதன் மேற்பரப்பில் இருக்கிறது: களிம்பு படிந்தவுடன் சக்கரத்துக்கு மின்சாரம் ஒழுங்காக ஏறாது, என்ஜின் விக்கி விக்கிப் போகும். ஓட்டாமல் சில வாரங்கள் விட்டாலே துடைக்க வேண்டியிருக்கிறது. பேட்டரியிலோ நீராவியிலோ ஓடும் தோட்ட ரயிலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. அங்கே பித்தளையைத் தாராளமாகப் போடலாம்.

வீட்டுக்குள் நான் வைத்திருப்பது நிக்கல் சில்வர் மட்டுமே. அதிலும் கறுப்பு அழுக்குப் படியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் போய்விடும். உப்புத்தாள் வேண்டாம், கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாக அடையும். மின்தடை அதிகம் என்பதால் இணைப்பான்களை நம்பாமல் ஒவ்வொரு நீளத்துக்கும் தனி மின்கம்பி கொடுத்துவிடுகிறேன். பிரித்த துண்டுகளின் குறுக்குக்கட்டைகளுக்கு அடியில் உலோகத்தின் முதல் எழுத்தையும் எழுதி வைக்கிறேன்.